அரசியல் சண்டை பத்தி ஆன்லைன்ல பேசப் போறீங்களா? எதிர்ல இருக்கறவர் நல்ல எண்ணத்தோடதான் பேசறார்னு எடுத்துக்கிட்டு ஆரம்பிக்கறது எப்படி: புதுசா வர்றவங்களுக்கு

ஒரு போர், ஒரு எல்லைத் தகராறு, இனப்பிரச்சினை, தேர்தல்னு ஏதோ ஒண்ணைப் பத்தி ஆன்லைன்ல முதல் தடவையா வாயைத் திறக்கப் போறீங்கன்னா இது உங்களுக்காக எழுதினது. இந்த மாதிரி விஷயத்துல பேச்சு எப்படி கெட்டுப் போகும்னு யாரும் சொல்லித் தர வேண்டாம், ரெண்டாவது ரிப்ளைலயே "உனக்கு யார் காசு குடுத்தா"ன்னு ஒருத்தர் கேப்பார், நீங்களும் திருப்பி அதையே கேப்பீங்க, மூணாவது ரிப்ளைக்குள்ள எந்த விஷயத்தைப் பத்தி பேச வந்தோம்ங்கறதே காணாமப் போயிருக்கும், அப்புறம் நூறு கமெண்ட் ஓடும் ஆனா ஒருத்தருக்கும் ஒண்ணும் புதுசா தெரிஞ்சிருக்காது. இதைத் தடுக்கறதுக்கு ஒரு பழக்கம் இருக்கு, அதைப் படிப்படியா சொல்றேன்.

முதல்ல இது என்ன, என்ன இல்லன்னு தெளிவாயிடுங்க

எதிராளி சொல்றதை அவர் உண்மையிலேயே நம்பித்தான் சொல்றார், நம்மள ஏமாத்தவோ சீண்டவோ வரலன்னு வெச்சுக்கிட்டு பேச்சைத் தொடங்கறது, அவ்வளவுதான். அவர் சொல்றது சரின்னு ஒத்துக்கணும்னு இதுக்கு அர்த்தம் கிடையாது. ரெண்டு பக்கமும் சமம்னு நடுவுல போய் உக்காந்துக்கணும்னும் கிடையாது, உங்களுக்கு ஒரு பக்கம் இருக்கலாம், அழுத்தமாவே இருக்கலாம். எப்பவும் இனிக்க இனிக்கப் பேசணும்னும் இல்ல. ஆளோட நோக்கத்துக்கு சலுகை குடுங்க, ஆனா அவர் சொல்ற தகவலுக்கு ஒரு துளி சலுகையும் குடுக்காதீங்க. புதுசா வர்றவங்க பெரும்பாலும் இதைத் தலைகீழா பண்றாங்க, தகவலை ஒழுங்கா சரிபார்க்க மாட்டாங்க ஆனா ஆளோட ஜாதகத்தையே தோண்டுவாங்க.

விக்கிப்பீடியால இது ஒரு எழுதி வெச்ச நெறியாவே இருக்கு. யாரோ ஒருத்தர் உங்க வரியை மாத்தினா அவர் கட்டுரையைக் கெடுக்க வந்தார்னு நினைக்காம, நல்லாக்க வந்து தப்பா பண்ணிட்டார்னு நினைச்சு பேசுங்கன்னு சொல்லுது. அதே நெறியில, எதிரான ஆதாரம் கண்ணு முன்னாடி இருக்கும்போதும் அப்படியே நினைச்சுக்கிட்டு இருக்கணும்னு கட்டாயம் இல்லன்னும் சேர்த்தே எழுதியிருக்காங்க. அந்த ரெண்டாவது பாதியையும் மனசுல வெச்சுக்கோங்க, கீழ அதுக்கு வரேன்.

இது ஏன் தானா வராது

நீங்க கெட்டவர்ங்கறதால இல்ல, எல்லார் மூளையும் இப்படித்தான் வேலை செய்யுது. 1967ல எட்வர்ட் ஜோன்ஸ், விக்டர் ஹாரிஸ்னு ரெண்டு உளவியல் ஆய்வாளர்கள் ஒரு சோதனை பண்ணாங்க, கியூபாவோட ஃபிடல் காஸ்ட்ரோவை ஆதரிச்சும் எதிர்த்தும் எழுதின கட்டுரைகளைப் படிக்கக் குடுத்துட்டு எழுதினவர் உண்மையில என்ன நினைக்கறார்னு கேட்டாங்க. "இவருக்கு எந்தப் பக்கம் எழுதணும்னு சாய்ஸே குடுக்கல, சொன்னதை எழுதினார்"னு தெளிவா சொல்லியும்கூட, ஆதரிச்சு எழுதினவர் மனசளவுலயும் ஆதரவாளராத்தான் இருப்பார்னு படிச்சவங்க பக்கம் சாய்ஞ்சாங்க. ஒருத்தர் சூழ்நிலையால செஞ்சதைக்கூட நாம அவரோட குணம்னு எடுத்துக்கறோம், நம்ம விஷயத்துல மட்டும் சூழ்நிலை கரெக்டா ஞாபகம் வரும்.

சண்டை நடக்கற விஷயத்துல இது இன்னும் மோசமாகும். 2014ல ஆடம் வேய்ட்ஸ், லியான் யங், ஜெரமி கிஞ்சஸ் மூணு பேரும் இஸ்ரேலியர் பாலஸ்தீனியர் கிட்டயும், அமெரிக்காவோட ரெண்டு பெரிய கட்சிக்காரங்க கிட்டயும் கேட்டுப் பார்த்த ஆய்வு ஒண்ணு வந்துது. எங்க ஆளுங்க மோதறது சொந்த ஜனங்க மேல இருக்கற பாசத்தால, அவங்க மோதறது எங்க மேல இருக்கற வெறுப்பாலன்னு ரெண்டு பக்கமும் சொன்னாங்க, அச்சு அசலா ஒரே பதில். இதைப் படிச்சப்ப எனக்கு உண்மையிலேயே துக்கமா இருந்துது, ஏன்னா எதிராளியை எது இயக்குதோ அதுதான் நம்மளையும் இயக்குதுங்கறது ரெண்டு பேருக்குமே தெரியாம சண்டை வருஷக்கணக்கா ஓடும். அந்த ஆய்வுலயே, எதிர்த் தரப்போட நோக்கத்தை சரியா கணிச்சா பணம் தரோம்னு சொன்னதும் இந்தச் சாய்வு குறைஞ்சுது, அதாவது கொஞ்சம் மெனக்கெட்டா நம்மளால சரியா யோசிக்க முடியுது. அந்த மெனக்கெடல்தான் கீழ வர்ற படிகள்.

படி 1: டைப் பண்ணறதுக்கு முன்னாடி உங்க நிலைமையைப் பாருங்க

இது சின்ன படிதான். 2017ல ஸ்டான்ஃபோர்ட், கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு விஷயத்தைக் காட்டினாங்க, மூட் கெட்டிருக்கறப்பவும், மேல ஏற்கனவே அசிங்கமான கமெண்ட்டுகள் கிடக்கறப்பவும், சாதாரண ஆளுங்களே ட்ரோல் மாதிரி எழுத ஆரம்பிச்சுடறாங்க. அதனால ராத்திரி தூக்கம் வராம, இப்பதான் ஒரு கொடூர வீடியோ பார்த்துட்டு, கை நடுங்கிக்கிட்டு இருக்கும்போது பதில் எழுதாதீங்க. எழுதியே ஆகணும்னா நோட்ஸ்ல எழுதி வெச்சுட்டு காலைல படிச்சுப் பாருங்க. எதிர்ல இருக்கறவரும் அதே வீடியோவைப் பார்த்துட்டுத்தான் வந்திருக்கலாம்ங்கறதையும் யோசிங்க.

படி 2: தொனியை நம்பாதீங்க, வார்த்தையை மட்டும் படிங்க

எழுத்துல குரல் இல்ல, முகம் இல்ல. 2005ல ஜஸ்டின் க்ரூகர், நிக்கோலஸ் எப்லி குழுவோட ஆய்வுல, ஈமெயில்ல கிண்டலா எழுதினதையும் சீரியஸா எழுதினதையும் படிக்கறவங்க பிரிச்சுப் பார்ப்பாங்களான்னு சோதிச்சாங்க. எழுதினவங்க 78 சதவீதம் புரியும்னு எதிர்பார்த்தாங்க, உண்மையில புரிஞ்சது 56 சதவீதம்தான், காசு சுண்டிப் பார்த்தாலே 50 வந்துடும். இதுல பயப்பட வேண்டியது என்னன்னா, படிச்சவங்க தாங்க சரியாத்தான் புரிஞ்சுக்கிட்டோம்னு உறுதியா நம்பினாங்க. அதனால ஒரு கமெண்ட்டைப் பார்த்து "இவன் நக்கல் பண்றான்"னு தோணினா, அந்தத் தோணலுக்கு நீங்க நினைக்கற அளவு மதிப்பு கிடையாது.

புதுசா வர்றவங்களுக்கு நான் ரொம்ப வற்புறுத்தி சொல்றது, நீங்க நக்கலை சுத்தமா விட்டுடுங்க. கிண்டலும் குத்தலும் நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு சிரிப்பு காட்டும், எதிர்ப்பக்கத்து ஆளுக்கு அவமானம் மட்டும்தான் போய்ச் சேரும்.

மொழியையும் கணக்குல எடுத்துக்கோங்க. உலகத்துச் சண்டைகளைப் பத்தி பேசற பாதிப் பேர் தாய்மொழி இல்லாத ஒரு மொழில திக்கித் திணறி எழுதறாங்க, இல்ல மொழிபெயர்ப்புக் கருவில போட்டு ஒட்டறாங்க. "ஒருவேளை", "எனக்குத் தோணறது" மாதிரி மென்மையான வார்த்தைகள்தான் அதுல முதல்ல உதிரும், மிச்சம் இருக்கறது அதிகாரமா மிரட்டற மாதிரி கேக்கும். அதே மாதிரி ஒருத்தர் ஒரு இடத்துக்கு சொல்ற பேரை வெச்சே ஆளை முடிவு கட்டிடாதீங்க, ரெண்டு நாடும் உரிமை கொண்டாடற அதே தீவுகளை அர்ஜென்டினால வளர்ந்தவர் மால்வினாஸ்னுதான் சொல்வார், பிரிட்டன்ல வளர்ந்தவர் ஃபாக்லாண்ட்னுதான் சொல்வார், பாதி நேரம் ஸ்கூல் புத்தகத்துல அப்படி இருந்துதுங்கறதைத் தவிர அதுக்குப் பின்னாடி ஒண்ணும் இருக்காது.

படி 3: அதே வரிக்கு வேற காரணங்களைத் தேடுங்க

எனக்கு இந்தப் படிதான் ரொம்ப முக்கியம். ஒருத்தர் வந்து "அந்தக் குண்டுவெடிப்பே பொய், அவங்களே பண்ணிக்கிட்டது"ன்னு எழுதறார்னு வைங்க. உங்களுக்கு ரத்தம் கொதிக்கும், பொய்க்காரன், கூலிக்கு மாரடிக்கறவன்னு தோணும். தோணட்டும், ஆனா பதில் எழுதறதுக்கு முன்னாடி அந்த வரியை ஒரு நேர்மையான ஆள் எழுதறதுக்கு என்னென்ன வழி இருக்குன்னு குறைஞ்சது மூணு கண்டுபிடிங்க. அவரோட ஊர்ல அவரோட மொழில வர்ற செய்தி எல்லாமே அதைத்தான் சொல்லியிருக்கலாம், மறுப்பு வந்ததே அவருக்குத் தெரியாம இருக்கலாம். இதுக்கு முன்னாடி ஒரு தடவை அரசாங்கமே அவர்கிட்ட பொய் சொல்லி மாட்டிக்கிட்டு இருக்கலாம், அதுலேர்ந்து அவர் எதையும் நம்பாதவரா ஆகியிருக்கலாம். தன் பக்கத்து ஆளுங்க இவ்வளவு கொடூரமா நடந்துப்பாங்கன்னு ஏத்துக்க முடியாத வலில இருக்கலாம். இல்ல பதினாறு வயசுப் பையனா இருக்கலாம், நேத்துதான் இந்த விஷயத்தையே கேள்விப்பட்டிருக்கலாம். இந்த நாலுல எதுவா இருந்தாலும் அவர் சொன்னது தப்புதான், ஆனா ஒவ்வொருத்தருக்கும் சொல்ல வேண்டிய பதில் வேற, நாலு பேருக்குமே "பொய்க்காரா"ங்கற பதில் உதவாது.

ஒரே செய்தியைப் பார்த்துட்டு ரெண்டு நேர்மையான ஆளுங்க நேர் எதிரா பேச முடியுமான்னு சந்தேகம் வந்தா 1985ல ஸ்டான்ஃபோர்ட்ல ராபர்ட் வலோன், லீ ராஸ், மார்க் லெப்பர் பண்ணின ஆய்வைச் சொல்லணும். 1982ல லெபனானோட பெய்ரூட்ல சப்ரா, ஷத்திலா முகாம்கள்ல நடந்த படுகொலை பத்தி அமெரிக்க டிவில வந்த செய்தித் துண்டுகளை, இஸ்ரேலை ஆதரிக்கற மாணவர்களுக்கும் அரபுத் தரப்பை ஆதரிக்கற மாணவர்களுக்கும் போட்டுக் காட்டினாங்க. ரெண்டு கூட்டமும் பார்த்தது அதே காட்சி, ஆனா ரெண்டு கூட்டமும் இந்தச் செய்தி எங்களுக்கு எதிரா சாய்ஞ்சிருக்குன்னு சொன்னாங்க. அதுல யாரும் நடிக்கல. அடுத்த தடவை "மீடியா எல்லாம் உங்க பக்கம்தான்"னு எதிராளி சொன்னா, நீங்க ராத்திரி பகலா அதையேதான் திருப்பிச் சொல்லிக்கிட்டு இருக்கீங்கன்னு ஞாபகம் வெச்சுக்கோங்க.

இன்னொண்ணு, எதிர்த் தரப்புல இருக்கற மிக மோசமான ஆளை மனசுல வெச்சுக்கிட்டு எல்லார்கிட்டயும் பேசாதீங்க. அமெரிக்காவுல 2019ல மோர் இன் காமன்ங்கற அமைப்பு பண்ணின ஆய்வுல, எதிர்க்கட்சிக்காரங்கள்ல தீவிரமான கருத்து இருக்கறவங்க எத்தனை பேர்னு கேட்டதுக்கு ரெண்டு பக்கமும் உண்மையைப் போல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு சொன்னாங்க. கத்தறவங்கதான் கண்ணுல படறாங்க, சும்மா இருக்கறவங்க ஸ்க்ரீன்ல தெரியறதில்ல. இதுக்கு தளங்களோட அமைப்பும் ஒரு காரணம், ட்விட்டர் பதிவுகளை வெச்சு 2017ல வந்த ஒரு ஆய்வுல, துப்பாக்கிச் சட்டம், ஒரே பாலினத் திருமணம், பருவநிலை மாற்றம் பத்தின பதிவுகள்ல அறமும் உணர்ச்சியும் கலந்த வார்த்தை ஒவ்வொண்ணு கூடறப்பவும் பதிவு பரவறது சுமார் 20 சதவீதம் கூடிச்சு. அப்போ உங்க கண்ணு முன்னாடி வந்து நிக்கற கமெண்ட் எப்படிப்பட்டதா இருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

படி 4: அவர் சொன்னதை அவரே தலையாட்டற மாதிரி திருப்பிச் சொல்லுங்க

அனடோல் ராபபோர்ட்னு ஒரு கணித உளவியலாளர் இருந்தார், 1911ல அன்னிக்கு ரஷ்யப் பேரரசுல இருந்த உக்ரைன்ல பிறந்தவர், போர் எப்படி மூளுது எப்படி அடங்குதுன்னு யோசிக்கறதுலயே வாழ்க்கையைக் கழிச்சவர். 1960 வாக்குல அவர் முன்வெச்ச யோசனை இது: எதிராளியோட நிலைப்பாட்டை, எதிராளியே "ஆமா, அதான் நான் சொல்றது"ன்னு ஒத்துக்கற அளவுக்கு முதல்ல நீங்க சொல்லுங்க, அப்புறம் அதுல எது எந்த அளவுக்கு சரின்னு சொல்லுங்க, அதுக்கப்புறம்தான் உங்க மறுப்பு. தத்துவவாதி டேனியல் டென்னெட் பின்னாடி இதைப் படிகளா எழுதி பிரபலமாக்கினார்.

செஞ்சு பாருங்க, கஷ்டமா இருக்கும். ஒருத்தர் "அகதிகளை உள்ள விடக் கூடாது"ன்னு எழுதறார்னு வெச்சுப்போம். "அப்போ குழந்தைங்க சாகட்டும்னு சொல்றீங்க, அப்படித்தானே"ன்னு கேக்கறது திருப்பிச் சொல்றது ஆகாது, அது அவர் வாயில நீங்க வார்த்தையைத் திணிக்கறது. "ஏற்கனவே இருக்கறவங்களுக்கே வேலையும் வீடும் பத்தல, இதுல புதுசா வந்தா யாருக்குமே கிடைக்காதுன்னு கவலைப்படறீங்கன்னு புரிஞ்சுக்கறேன், சரியா? இல்ல பாதுகாப்பு பத்தின பயமா?"ன்னு கேட்டுப் பாருங்க. ரெண்டு விஷயம் நடக்கும். ஒண்ணு, அவர் "இல்ல, நான் சொல்ல வந்தது வேற"ன்னு திருத்துவார், அப்போ நீங்க இவ்வளவு நேரம் இல்லாத ஒருத்தரோட சண்டை போட இருந்தீங்கன்னு தெரியும். இல்லன்னா "ஆமா"ம்பார், அப்போ பேசறதுக்கு ஒரு கெட்டியான விஷயம் கிடைச்சிருக்கும், வேலை பத்தியா வீடு பத்தியா, எண்களை எடுத்துப் பேசலாம்.

படி 5: ரிப்ளையை எழுதற விதம்

2018ல கார்னெல் பல்கலைக்கழகமும் விக்கிமீடியாவும் கூகுளைச் சேர்ந்த ஜிக்ஸாங்கற பிரிவும் சேர்ந்து, விக்கிப்பீடியால கட்டுரையைப் பத்தி விவாதிக்கற பேச்சுப் பக்கங்கள்ல ஒழுங்கா ஆரம்பிச்ச உரையாடல்கள்ல எது பின்னாடி தனிமனிதத் தாக்குதலா மாறிச்சுன்னு பார்த்தாங்க. ஆரம்பத்துலயே "நீங்க"ன்னு தொடங்கற வாக்கியங்களும், நேரா முகத்துக்கு வீசற கேள்விகளும் இருந்த உரையாடல்கள் கெட்டுப் போற வாய்ப்பு அதிகமா இருந்துது. வணக்கம், நன்றி, "எனக்குத் தோணறது" மாதிரியான வார்த்தைகள் இருந்தது தப்பிக்கற வாய்ப்பு அதிகம்.

அதனால எழுதி முடிச்சதும் ஒரு தடவை மேலேர்ந்து கீழ பாருங்க, எத்தனை வாக்கியம் நீங்கன்னு ஆரம்பிக்குதுன்னு. "நீங்க பொய் சொல்றீங்க" இருந்தா "இந்த எண்ணிக்கை நான் படிச்சதோட ஒத்துப் போகல, எங்கேர்ந்து எடுத்தீங்கன்னு லிங்க் குடுக்க முடியுமா"ன்னு மாத்துங்க. "உங்க ஆளுங்க பண்ணது தெரியாதா" இருந்தா அதை அப்படியே அழிச்சுடுங்க, அவர் எந்த ஆளுங்களுக்கும் பிரதிநிதி கிடையாது. ஒரு ரிப்ளைல ஒரே ஒரு விஷயம் பேசுங்க, பத்து விஷயம் அடுக்கினா அதுல பலவீனமான ஒண்ணைப் பிடிச்சுக்கிட்டுத்தான் அவர் பதில் சொல்வார், நீங்களா இருந்தாலும் அதான் பண்ணுவீங்க.

படி 6: தகவல்ல மட்டும் கறாரா இருங்க

நல்ல எண்ணம்னு எடுத்துக்கிட்டதால தகவலை சும்மா விட்டுடாதீங்க. போர் நடக்கும்போது பரவற படங்கள்ல நிறைய பழைய படங்கள், வேற நாட்டுப் படங்கள், சில சமயம் வீடியோ கேம் காட்சிகள்கூட இருக்கும். ஒருத்தர் படம் போட்டா, படத்தை வெச்சே அது வேற எங்க வந்திருக்குன்னு தேடற ரிவர்ஸ் இமேஜ் சர்ச்ல போட்டு முதல் முதல்ல எப்போ வந்துதுன்னு பாருங்க. தப்புன்னு தெரிஞ்சா "இந்தப் படம் அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி வேற ஊர்ல எடுத்ததா இங்க இருக்கு, பாத்துக்கோங்க"ன்னு லிங்கோட போட்டுட்டு நிறுத்திக்கோங்க. "ஃபேக் பரப்பறியா"ன்னு கூட ஒரு வரி சேர்த்தா அவர் பதிவை அழிக்கறதுக்குப் பதிலா உங்களோட மல்லுக்கு நிப்பார். அவர் கௌரவமா பின்வாங்கறதுக்கு ஒரு வாசல் திறந்து வெச்சிருக்கணும். உங்க பக்கத்து ஆளு தப்பான படம் போட்டாலும் இதே வேகத்தோட போய் சொல்லுங்க, அதை எதிர்ப்பக்கம் கவனிக்கும், அதுக்கப்புறம் உங்க வார்த்தைக்கு இருக்கற எடையே வேற.

படி 7: எப்போ நிறுத்தணும்

ராபபோர்ட் பத்தி இன்னொரு விஷயம் இருக்கு. 1980 வாக்குல ராபர்ட் ஆக்ஸெல்ராட்னு ஒரு அரசியல் அறிஞர், ஒருத்தரோட ஒருத்தர் ஒத்துழைக்கலாமா ஏமாத்தலாமான்னு திரும்பத் திரும்ப முடிவெடுக்கற ஒரு விளையாட்டுக்கு கம்ப்யூட்டர் ப்ரோக்ராம்களை வரவழைச்சு மோத விட்டார். ஜெயிச்சது ராபபோர்ட் அனுப்பினது, வந்ததுலயே ரொம்ப எளிமையான ப்ரோக்ராம்: முதல் ஆட்டத்துல ஒத்துழை, அப்புறம் எதிராளி போன தடவை என்ன பண்ணினானோ அதைப் பண்ணு. இன்னும் நிறைய பேர் கலந்துக்கிட்ட ரெண்டாவது போட்டிலயும் அதுவே ஜெயிச்சுது. முதல் அடி எப்பவும் நம்பிக்கையோட வைக்கறது, ஏமாத்தினா தெரிஞ்சுக்கறது, திருந்தினா உடனே மன்னிக்கறது, மூணும் அதுல இருக்கு. அதோட குறையும் பின்னாடி தெரிய வந்துது, தப்பாப் புரிஞ்சுக்கிட்டு ஒரு தடவை பழி வாங்கிட்டா ரெண்டு பக்கமும் மாறி மாறி அடிச்சுக்கிட்டே இருக்கும், அதனால அப்பப்ப ஒரு அடியை கண்டுக்காம விடற வகைதான் தவறு நடக்கற சூழல்ல நல்லா வேலை செஞ்சுது. ஆன்லைன் பேச்சு முழுக்கவே தவறு நடக்கற சூழல்தான், அதனால முதல் சீண்டலை விட்டுடுங்க, நான் ரெண்டாவதையும் விடச் சொல்வேன்.

ஆனா அதுக்கு மேல ஒரு கோடு வேணும். லிங்க் குடுத்தா அதைப் படிக்காமயே அடுத்த கேள்வி, அதுக்குப் பதில் சொன்னா இன்னொரு கேள்வி, மரியாதையாத்தான் இருக்கும் ஆனா எந்தப் பதிலும் அவருக்குள்ள போகாது. தப்புன்னு காட்டின அதே படத்தை வேற த்ரெட்ல மறுபடியும் போடுவார். ஒரே வரியை அஞ்சு இடத்துல ஒட்டுவார். இப்படி ஒரு தொடர்ச்சியைப் பார்த்தப்புறம் சந்தேகப்படறதுல தப்பு இல்ல, ஒரே ஒரு கமெண்ட்டை வெச்சு சந்தேகப்படறதுதான் தப்பு.

உண்மையிலேயே கெட்ட எண்ணத்தோட வர்றவங்களும் இருக்காங்க, அதை மறைக்கக் கூடாது. 2016 மே 21ஆம் தேதி அமெரிக்காவோட ஹூஸ்டன்ல ஒரு இஸ்லாமிய மையத்துக்கு முன்னாடி ரெண்டு கூட்டம் எதிரெதிரா நின்னு கத்திக்கிட்டு இருந்தாங்க, ரெண்டு கூட்டத்தையும் கூப்பிட்டது வெவ்வேற ஃபேஸ்புக் பக்கங்கள். அந்த ரெண்டு பக்கத்தையும் நடத்தினது ரஷ்யாவோட செயின்ட் பீட்டர்ஸ்பர்க்ல இருந்த ஒரே ஆபீஸ்னு 2017ல அமெரிக்க செனட் விசாரணைல வெளில வந்துது. இதுல நான் கவனிக்கச் சொல்றது, பக்கத்தை நடத்தினவங்க போலி, ஆனா தெருவுல வந்து நின்ன ரெண்டு கூட்டத்து மனுஷங்களும் நிஜம். போலி ஆளுங்க இருக்காங்கங்கறதுக்காக எதிர்ல நிக்கற எல்லாரையும் போலின்னு சொன்னா அந்த ஆபீஸ்காரங்க நினைச்சது நடந்துடும்.

அதனால போலின்னு சந்தேகம் வந்தா பொதுவுல "நீ பாட்" (மனுஷன் இல்ல, தானா இயங்கற கணக்கு)னு கத்தாதீங்க. ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, எந்தெந்த இடத்துல என்ன எழுதினார்னு சேர்த்து, அட்மினுக்கோ தளத்துக்கோ ரிப்போர்ட் பண்ணிட்டு ம்யூட் பண்ணிடுங்க. தப்பா கணிச்சிருந்தா ஒரு நிஜ மனுஷனை எல்லார் முன்னாடியும் அசிங்கப்படுத்தாம இருந்திருப்பீங்க.

போலி யாரும் இல்லாத பேச்சுக்கும் ஒரு அளவு இருக்கு. கருத்தை மாத்திக்க தயாரா இருக்கறவங்க தங்க கருத்தைப் போட்டு வாதத்துக்குக் கூப்பிடற ரெட்டிட் குழு ஒண்ணை 2016ல கார்னெல்ல ஆராய்ச்சி பண்ணாங்க, ஒரே ஆளோட அஞ்சு சுத்து மாறி மாறிப் பேசின பிறகு மனசு மாற வாய்ப்பு கிட்டத்தட்ட இல்லாமப் போகுதுன்னு வந்துது. மாத்திக்கவே வந்தவங்க கிட்டயே இவ்வளவுதான். அஞ்சு சுத்து ஆச்சுன்னா நிறுத்திடுங்க.

இந்தப் பழக்கத்தை யார்கிட்ட கேக்கக் கூடாது

இதைச் சொல்லாம விட்டா இந்த வழிகாட்டியே தப்பாயிடும். அந்தச் சண்டைல வீட்டு ஆளைப் பறிகொடுத்தவர், ஊரை விட்டு ஓடி வந்தவர், இப்பவும் குண்டு விழற ஊர்ல உக்காந்து எழுதறவர், இவங்ககிட்ட போய் "நீங்க எதிர்த் தரப்போட நல்ல எண்ணத்தைப் பாக்கணும்"னு பாடம் எடுக்காதீங்க. பொறுமை காட்டறதுக்கு தூரத்துல பத்திரமா இருக்கறவங்களுக்கு வசதி இருக்கு, அவங்களுக்கு இல்ல. அவங்க கோவமா எழுதினா நீங்கதான் கூடுதலா பொறுத்துக்கணும், அதே சமயம் அவங்களே வந்து நிதானமா பேசினா அதோட மதிப்பு தெரிஞ்சு கேளுங்க.

அதே மாதிரி ஒரு மக்கள் கூட்டத்தையே பூச்சின்னோ நாய்னோ சொல்றதும், கொல்லணும்னு கூப்பிடறதும் கருத்து வேறுபாடு கணக்குல வராது. மியான்மர்ல ரொஹிங்யா மக்களுக்கு எதிரான வெறுப்பைப் பரப்பறதுக்கு ஃபேஸ்புக் ஒரு கருவியா பயன்பட்டுதுன்னு 2018ல ஐநாவோட உண்மை கண்டறியும் குழு சொல்லுச்சு, அங்க நிஜ ஊர்கள் எரிஞ்சுது. அந்த மாதிரி எழுதறவரோட உள்நோக்கம் என்னன்னு நீங்க ஆராய வேண்டாம், நேரா ரிப்போர்ட் பண்ணுங்க.

படி 8: உங்களையே சந்தேகப்பட்டா

புது அக்கவுண்ட், ப்ரொஃபைல் படம் இல்ல, வந்ததும் முதல் கமெண்ட்டே சண்டை விஷயம். உங்களைப் போலின்னு யாராவது சொல்வாங்க, தயாரா இருங்க. விக்கிப்பீடியாவே இஸ்ரேல் பாலஸ்தீனப் பிரச்சினைக் கட்டுரைகள்ல கை வைக்கணும்னா 30 நாள் பழைய கணக்கும் 500 திருத்தமும் வேணும்னு ஆங்கிலத் தளத்துல வெச்சிருக்கு, நல்லெண்ணத்தை நெறியா எழுதி வெச்ச அதே இடம்தான். அது உங்க மேல இருக்கற பழி கிடையாது, போலி அக்கவுண்ட்டுகளால பட்ட அனுபவம். அதனால முதல்ல சில வாரம் படிங்க, சண்டை இல்லாத விஷயத்துல நாலு வார்த்தை பேசுங்க, யார் யார் எப்படிப் பேசறாங்கன்னு தெரிஞ்சுக்கோங்க.

யாராவது "நீ அந்தப் பக்கத்துக் கைக்கூலி"ன்னா உங்க யோக்கியதையை நிரூபிக்க இறங்காதீங்க, ஆன்லைன்ல யாராலயும் அதை நிரூபிக்க முடியாது. "நான் எந்தப் பக்கம்னு நீங்க எப்படி வேணா வெச்சுக்கோங்க, நான் குடுத்த அறிக்கைல பன்னிரண்டாம் பக்கம் தப்பா இருந்தா சொல்லுங்க, திருத்திக்கறேன்"னு விஷயத்துக்கே கூட்டிட்டு வாங்க. நீங்க சொன்னது தப்புன்னு அவர் காட்டிட்டா அதை அங்கயே அதே த்ரெட்ல ஒத்துக்கோங்க, "ஆனாலும்"னு இழுக்காதீங்க.

கிளம்பும்போது சத்தமில்லாம காணாமப் போகாதீங்க, கடைசி வார்த்தை என்னோடதா இருக்கணும்னு குத்திட்டும் போகாதீங்க. "இதுல நாம ஒத்துப் போகப் போறதில்லன்னு தெரியுது, நீங்க குடுத்த ரெண்டாவது லிங்க் நான் பாக்காதது, படிக்கறேன், பதில் சொன்னதுக்கு நன்றி"ன்னு எழுதுங்க. ஆனா படிக்கறேன்னு எழுதினா படிங்க. நோட்டிஃபிகேஷனை ஆஃப் பண்ணுங்க. அடுத்த வாரம் வேற த்ரெட்ல அதே ஆள் வந்தா, போன வார ஸ்க்ரீன்ஷாட்டை எடுத்து வீசாம, அவர் இன்னிக்கு என்ன எழுதியிருக்கார்னு முதல் வரிலேர்ந்து படிங்க.